மரகதத்தைக் கீழே அனுப்புவதற்கு முன்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே குன்னூரில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு இருமல், எனக்கு வியர்வை. வியர்வையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வழக்கம்போலச் சத்தமாக வாசித்தார். டீ பாக்டரிக்கு இலை சுருட்டப் புது ரோலர் வந்தது, கீழ் கோத்தகிரியில் மழை விடாமல் பெய்வது, அடுத்த வருஷம் உன்னைப் பாக்டரியையே பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் ஆக்குவதாக எஸ்டேட் துரை சொன்னது எல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். இரண்டாம் பக்கம் திரும்பியதும் அவர் குரல் இறங்கியது. நாலு வரி தாண்டியதும் நிறுத்தி, காகிதத்தை மடித்து என் மடியில் வைத்து, "இதை நீயே படிச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மிச்சத்தை நான் தனியாகத்தான் படித்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மரகதத்தைக் கோபியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடப்போவதாக எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டாயாம். பகலெல்லாம் தூங்குகிறாள், கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு அடுப்பைவிட்டு நகரமாட்டேன் என்கிறாள், உடம்பு போட்டுவிட்டது, ஒன்று கேட்டால் பதில் வர வெகுநேரம் ஆகிறது, குழந்தையும் இல்லை, 'அந்த விஷயத்திலும்' ஒழுங்கில்லை. மலை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் கீழே இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று முடித்திருக்கிறாய்.

அந்தப் 'பிறகு பார்ப்போம்' எங்கே போய் முடியும் என்று இந்த மலையில் இருபத்தேழு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியும். நீ கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்பதும் தெரியும். உன்னைத் திட்ட இந்தக் கடிதம் எழுதவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் இதை முழுக்கப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு எழுதவே கூசுகிறது. பெற்ற மகனிடம் ஒரு தாய் சாதாரணமாகப் பேசாததைப் பேசப்போகிறேன். நீ 'அந்த விஷயம்' என்று எழுதிய இடத்தில் நான் மாதவிலக்கு என்று எழுதுகிறேன். ஒரு தடவை எழுதியாகிவிட்டது. இனி அவ்வளவு கஷ்டமில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். குன்னூர் பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த என் அப்பா, உன் அப்பிச்சி, ஒறம்பறைச் சொந்தமெல்லாம் சிரிக்கச் சிரிக்க என்னைச் சென்னைக்கு ரயிலேற்றினார். பி.ஏ. பட்டத்தோடு திரும்பி வந்தேன். ஆனால் படிப்பு வாய்வரை வந்து சேரவில்லை. காய்காரியிடம் விலை கேட்கக்கூட எனக்கு நா எழாது. எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்த உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு போனபோது கூலிக்காரர்களின் லைன் வீட்டுப் பெண்கள் எனக்கு 'பியே அம்மா' என்று பெயர் வைத்தார்கள். "பியே அம்மா பேச மாட்டாங்க, சும்மா பாத்துட்டே இருப்பாங்க" என்று என் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். உண்மைதான். பேசாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் இருந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே கொழுந்து நிறுக்கும் கொட்டகை. சாயங்காலம் பெண்கள் வரிசையாக வந்து முதுகுக் கூடையை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களில் காளியம்மா என்று ஒருத்தி. மேஸ்திரி ரங்கனின் மனைவி, என் வயதுதான். அந்த எஸ்டேட்டிலேயே வேகமான கை அவளுடையது. ஒரு சரிவில் நின்று அவள் யாரையாவது கேலி செய்தால் அடுத்த சரிவில் சிரிப்பார்கள், அப்படிக் குரல். ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் நடுவில் அவள் மாறிப்போனாள். கூடையை இறக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். முகம் எந்நேரமும் ஊதியிருக்கும். இரண்டு புருவங்களிலும் காதோரப் பக்கத்து முடி உதிர்ந்து, பாதியில் அழித்துவிட்ட கோடுபோல நின்றது. குரல் கரகரத்துக் கட்டிவிட்டது. மாசி வெயிலில் மற்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து விசிறிக்கொள்ளும்போது அவள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குவாள்.

அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மலைக்காரர்களாகிய நாம் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. கோயமுத்தூரில் ஒரு பெண் சித்திரை மாதம் கம்பளி போர்த்தினால் தெருவே கூடிவிடும், வைத்தியருக்கு ஆள் போகும். குன்னூரில் ஒருத்தி "குளிருது" என்றால், "எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். குளிர் ஊரில் ஒரு பெண்ணின் உடம்பு தன் சொந்தக் குளிரில் கிடந்து விறைப்பது யார் கண்ணுக்கும் படாது. மரகதம் அடுப்பைவிட்டு நகரவில்லை என்பதை நீ சோம்பல் என்று எடுத்துக்கொண்டாய். நானும் அந்தக் காலத்தில் காளியம்மாவைப் பார்த்து, "சாக்கை எடுத்துப் போட்டுட்டு நாலு நடை நடந்தா சரியாப் போகும்" என்று அப்பாவிடம் சொன்னவள்தான்.

இன்னொன்றும் இருந்தது. ரங்கன் வீட்டில் விலக்கு நாட்களில் பெண் உள்ளே படுக்கக்கூடாது. லைன் வீடு ஒரே அறை, ஒதுங்க இடம் ஏது? பின்பக்கம் விறகு அடுக்கும் சாய்ப்பில் படுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று நாள். காளியம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்கப் பதினைந்து நாள், சில மாதம் இருபது நாள் ஆனது. மழையிலும் பனியிலும் மாதத்தில் பாதிக்கு மேல் அவள் விறகோடு விறகாகக் கிடந்தாள். கொட்டகையில் மற்ற மேஸ்திரிகளிடம் ரங்கன் சொன்னது எனக்குக் கேட்டது: "எனக்குப் பொண்டாட்டி இருக்கறாங்கறது பேருக்குத்தானப்பா. அவ ஊட்டுக்குள்ள வந்தே நெம்ப நாளாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய அம்மா சிரிக்கவில்லை. "மலை ஒத்துக்கலை. அவளைக் கீழ அனுப்பு" என்றாள்.

அந்த நாட்களில் வெள்ளைக்கார டாக்டர் துரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை குதிரையில் வருவார். கம்பவுண்டர்தான் மொழிபெயர்த்துச் சொல்வார். பெண்கள் கம்பவுண்டரிடம் வாயைத் திறப்பதில்லை. அதனால் ஒருநாள் பெரிய துரை உன் அப்பாவிடம், "உன் மனைவி பி.ஏ. படித்தவள்தானே, வந்து பேசட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்கு அப்போது ஒரு வயது. உன்னைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே டாக்டர், மருந்துப் புட்டிகளோடு கம்பவுண்டர், கதவோரம் ரங்கன். ஸ்டூலில் காளியம்மா. என்னைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். பிறகு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டார். அவள் காதருகே குனிந்து கேட்டேன். அவள் மெதுவாக, விடாமல் சொன்னாள். "என்னத்தைச் சொல்றதுங்க. வந்தா நிக்கறதில்லீங்க. ஒரு சீலைத் துணி பத்தறதில்ல. இருவது நாளுங்க. நின்னு நாலு நாள் ஊட்டுக்குள்ள போறதுக்குள்ள மறுபடி வந்துருதுங்க. முடி கொத்துக் கொத்தாக் கையில வருதுங்க. கழுத்துல ஆரோ கல்லைக் கட்டுனாப்பல இருக்குதுங்க. நான் என்ன பாவம் பண்ணுனேன்னு அந்தத் தொரையைக் கேளுங்க."

டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டரும் பார்த்தார். ரங்கனும் பார்த்தான். மூன்று ஆண்கள். இரத்தம், துணி, இருபது நாள், இவற்றுக்கெல்லாம் எனக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். தெரிந்தும் வாயில் வரவில்லை. "ஒழுங்காக வருகிறதாம். உடம்புதான் அசதியாக இருக்கிறதாம்" என்று சொன்னேன். டாக்டர் தலையாட்டிவிட்டுப் பலத்துக்கு டானிக் எழுதினார். காளியம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய அண்ணன் வந்து அவளைப் புளியம்பட்டிப் பக்கத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். துணிமூட்டையோடு எங்கள் வாசலில் நின்று, "போயிட்டு வர்றனுங்க பியே அம்மா" என்றாள். வா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த தை மாதம் ரங்கன் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்துவிட்டான். எஸ்டேட்டில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. மழையில் சாய்ப்புக்குத் தென்னங்கீற்று வாங்கி மறைத்துக் கொடுத்தவன்தான். உடம்பு சரியில்லாத பெண்ணைக் கீழே அனுப்புவது, அவள் திரும்பாமல் போவது, எல்லாம் இங்கே மழை வெயில்போல நடந்துகொண்டிருந்தது. கீழே அனுப்பியவர்கள் யாரும் அவளுக்கு என்ன நோய் என்று கேட்டதில்லை.

இனி உன் அப்பாவையும் என்னையும் பற்றிச் சொல்ல வேண்டும். உன் தங்கை பிறந்து ஒரு வருஷத்தில் எனக்கும் அதே மாதிரி வந்தது. உனக்கு ஐந்து வயது. உனக்கு நினைவிருக்கலாம், இருக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ கதவைத் தட்டுகிறாய். உள்ளே தொட்டிலில் பாப்பா அழுகிறது, அடுப்பில் பால் தீய்ந்து புகைகிறது, நான் தரையில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. உடம்பு வரமாட்டேன் என்கிறது. கடைசியில் எழுந்து கதவைத் திறந்து, "ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதா" என்று உன் கன்னத்தில் அறைந்தேன். நீ மழையில் முழுக்க நனைந்திருந்தாய். அதற்கு நான் இன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மரகதம் உனக்கு உடனே பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே அவள் தன்னைத்தானே எத்தனை தடவை எழுப்பிக்கொண்டிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவிநாசியிலிருந்து உன் பெரிய அத்தை வந்தார். இரண்டு நாள் என்னைப் பார்த்துவிட்டு, சமையலறையில் வைத்து அப்பாவிடம் சொன்னார்: "ஏந்தம்பி, இவளை எங்கூடக் கீழ அனுப்பு. கொஞ்ச நாள் இருக்கட்டும். உனக்கும் கொழந்தைகளுக்கும் பொங்கிப் போட ஒரு ஆளைப் பாக்கறேன், பொறவு யோசிக்கலாம்." அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "உங்க இஷ்டம்க்கா" என்றார். நீ உன் அப்பாவின் பிள்ளைதான் என்று செவ்வாய்க்கிழமை அவருக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் பாதியில் நிறுத்திக் காகிதத்தை என் மடியில் வைத்தார்.

அந்தப் பேச்சைக் கேட்டபிறகுதான் பயம் என்னை எழுப்பியது. கீழே போவதற்கு முன் குன்னூரில் லேடி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. அந்த டாக்டரம்மா வெள்ளைக்காரர், ஆனால் எல்லோரையும் வாங்க போங்க என்று சுத்தத் தமிழில் பேசுவார். அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒழுங்கா வருதுங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி, காய்ந்த தோலைப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்து விழுங்கச் சொன்னார். பிறகு, "எனக்கு நேரம் இருக்கு. நீங்க மெதுவாச் சொல்லுங்க" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவ்வளவு நேரம் யாரும் எனக்காகச் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

நீ பாக்டரி ஆள், அவர் சொன்னது உனக்கு நன்றாகப் புரியும். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, இரண்டு வெற்றிலையைக் காம்பு சேர்த்து ஒட்டிவைத்ததுபோல ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் நீருக்கு ஹார்மோன் என்று பெயர். அது இரத்தத்தில் கலந்துபோய், உடம்பு என்ன வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அது குறைந்தால் எல்லாம் மந்தமாகும். குளிரும், தூக்கம் வரும், சாப்பிடாமலே உடம்பு போடும், மலம் கட்டும், முடி கொட்டும், மனசு காரணமில்லாமல் இருண்டு போகும். "பாக்டரியில டீ காயவைக்கிற ஸ்டவ்ல சூடு கொறஞ்சா இலை காயாதில்லையா? அதுக்கு இலையைத் திட்டுவீங்களா?" என்று கேட்டார். இந்தச் சுரப்பி மட்டுமில்லை, பெண்ணின் உடம்பில் வேறு சுரப்பிகளும் உண்டு, அவை ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளும், ஒன்று கெட்டால் மற்றதும் தடுமாறும் என்றார். அதனால்தான் சிலருக்கு விலக்கு மாதக்கணக்கில் நின்றுபோகும், சிலருக்கு நிற்காமல் போகும், சிலருக்கு முகத்தில் மீசைபோல முடி முளைக்கும், சிலருக்குப் பிள்ளை தங்காது. "எல்லாத்துக்கும் எங்ககிட்ட மருந்து இல்லை. உங்களோடதுக்கு இருக்கு" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் வீடு வரும்வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மருந்து ஆட்டுக் கழுத்தின் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரை. உன் அத்தைக்கு அருவருப்பு. "ஆட்டுக் கழுத்தையா திங்கச் சொல்றாங்க? பொம்பளைக்கா?" என்றார். அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்காக வாயைத் திறந்தார். "ஞாயித்துக்கெழமை ஆனா மீதி ஆட்டை நாமதானுங்க்கா திங்கறோம். கழுத்து மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" அத்தை சிரித்துவிட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

மாத்திரை போட்ட மறுநாள் நான் துள்ளி எழுந்துவிடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலை, தோளில் போட்ட சால்வை உறுத்துகிறது என்று எடுத்து வைத்தேன். அதை அப்பாதான் கவனித்தார். பிறகு நீ சொல்லும் கதைக்குச் சிரித்தேனாம், நீயே பயந்துபோய் என்னைப் பார்த்தாயாம். மூன்று மாதத்தில் விலக்கு ஒழுங்குக்கு வந்தது. நன்றாகிவிட்டதே என்று ஒரு மழைக்காலத்தில் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். படித்தவள் செய்த முட்டாள்தனம். இரண்டு மாதத்தில் பழைய குளிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா திட்டவில்லை, "கண்ணாடி போட்டா கண்ணு தெரியுதுன்னு கண்ணாடியைக் கழட்டி வீசுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒருநாள் விடவில்லை.

உடம்பு தேறத் தேற காளியம்மா என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய புருவம், சாக்கு, குரல் எல்லாம் நானே அனுபவித்துவிட்டேன். கடைசியில் அப்பாவிடம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். அவர் மூன்று நாள் லீவு போட்டு என்னைப் புளியம்பட்டிக்கு அழைத்துப் போனார். வைகாசி மாதம். நாங்கள் வியர்வையில் நனைந்துபோய் நிற்கிறோம், அவள் அண்ணன் வீட்டுக் களத்தில் வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே வந்து ஐந்து வருஷமாகியும் அவளுக்குக் குளிர் போகவில்லை. மலைமேல் போட்ட பழி எவ்வளவு பொய் என்று அங்கே கண்ணால் பார்த்தேன்.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "பியே அம்மாளுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள், அந்தக் கட்டைக் குரலில். நான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அன்றைக்கு டாக்டரிடம் நான் பொய் சொன்னேன் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "அன்னிக்கே தெரியுமுங்க. நான் அத்தனை நேரம் சொன்னன். நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டீங்க. இங்கிலீஸு அவ்வளவு சிறுசா இருக்குமான்னு நெனச்சுட்டன்." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவளே, "சரி, வந்துட்டீங்க. என்ன சேதி சொல்லுங்க" என்றாள்.

அவளைக் குன்னூருக்குக் கூட்டிவந்தோம். இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் அவளே பேசினாள், நான் பக்கத்தில் நின்றேன், கேட்டால் மட்டும் பேசினேன். அவளுக்கும் அதே நோய்தான். ஐந்து வருஷம் கவனிக்காமல் விட்டதால் தேற வெகுநாள் பிடித்தது. தேறினாள். ரங்கனிடம் அவள் திரும்பவில்லை, அங்கே இடமும் இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் தன் பேரிலேயே வேலை வாங்கி, தன் பேரிலேயே ஒரு லைன் வீடு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் பஜாரில் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுவாள். எனக்கு வெட்கம் பிடுங்கும், அவளுக்கு அது வேடிக்கை. ஆனால் அவள் இழந்த ஐந்து வருஷத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கண்ணு, மரகதம் இழந்தது இதுவரை மூன்று வருஷம்தான்.

அதிலும் என் பங்கு உண்டு. பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோதே அவள் புருவத்தைப் பார்த்தேன். அவள் குரல் கம்மியிருந்ததைக் கேட்டேன். மாமியார் வாயைத் திறந்தால் குறை சொல்வதாக ஆகிவிடுமே என்று பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதிலும் அதே தப்பு. அதனால் இப்போது உறுதியாக ஒன்று சொல்கிறேன்: அவளுக்கும் எனக்கு வந்ததுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வேறு சுரப்பியாக இருக்கலாம், இரத்தக் குறைவாக இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என்னுடைய மாத்திரையை அனுப்பு என்று கேட்காதே, அனுப்பமாட்டேன். ஒருத்திக்கு மருந்தாக இருப்பது இன்னொருத்தியின் நெஞ்சைப் படபடக்க வைத்துவிடும். குழந்தையைப் பற்றியும் நான் வாக்குக் கொடுக்க முடியாது. உடம்பு சரியானபிறகு பிறந்த குழந்தைகளை இந்த மலையில் நான் பார்த்திருக்கிறேன். பிறக்காமலும் சந்தோஷமாக வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வைத்தியம் பார்ப்பது அவளுக்காக இருக்கட்டும்.

அவளிடம் எப்படிப் பேசுவது என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இரு. அவள் "ஒண்ணுமில்லீங்க" என்பாள். அதற்குப் பிறகும் எழுந்து போகாமல் இரு. விலக்கு நாட்களில் அவள் எங்கே படுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, உனக்கே தெரியும். அவளுக்குச் சூடாக இருக்கும் இடத்தில் படுக்க வை. யாராவது கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. உன் பாக்டரியில் வேலை செய்கிறவர்களிலும் தங்கள் மனைவியைக் கீழே அனுப்பிவிட்டுப் 'பிறகு பார்ப்போம்' என்று இருக்கிறவர்கள் இருப்பார்கள்.

வியர்வையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. எனக்கு விலக்கு நிற்கும் காலம் வந்துவிட்டது. ஊரே கரியடுப்பைச் சுற்றிக் குளிர்காயும்போது எனக்கு மட்டும் திடீரென்று காது மடல்வரை சூடேறுகிறது. ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். அப்பா மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, "முந்தி கதவைச் சாத்து சாத்துன்னே, இப்பத் தொற தொறங்கறே. உன்ற உடம்பு எந்த ஊருலதான் இருக்குது?" என்று கேட்கிறார். கேலிதான். ஆனால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவதில்லை, இருமிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். "உங்க இஷ்டம்க்கா" என்று சொன்ன அதே மனிதர். நீயும் மாறுவாய். உனக்கு அவ்வளவு வருஷம் தேவைப்படாது.

டாக்டரம்மா ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் இப்போது ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் இருக்கிறார், உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நேற்றே போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். வியாழக்கிழமை காலை மரகதத்துக்காக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். புதன்கிழமையே துரையிடம் லீவு கேட்டுவிடு. கோத்தகிரியிலிருந்து வரும் முதல் பஸ்ஸுக்கு நான் குன்னூரில் நிற்பேன். இரண்டு பேரும் அதில் இறங்கினால், வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தே போகலாம். நீங்கள் இறங்கவில்லை என்றால் திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன். கோத்தகிரியில் இறங்கி உன் எஸ்டேட்டுக்கு லாரி எது என்று யாரிடமாவது கேட்பேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன் மரகதம் என்னோடு குன்னூரில் இருப்பாள்.

அம்மா